பக்கத்துத் தெருவுக்கும் வண்டியா: குழந்தைகளின் குறுநடை குறித்து

நடந்தே போய்விடக்கூடிய தூரங்களுக்கும் இன்றைய குழந்தைகள் வண்டியில்தான் போகிறார்கள். அவர்கள் அன்றாடம் நடக்கும் நடை போதுமானதுதானா, வாரத்தில் மூன்று நாள் நீச்சலோ பந்தாட்டமோ இருந்தால் அந்தக் குறை நிரம்பிவிடாதா என்பது கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த நடை போதவில்லை. விளையாட்டு வகுப்பு நல்லதுதான் என்றாலும் இந்தக் குறையை அது முழுமையாக ஈடுகட்டுவதில்லை. ஆனால் இதைக் குழந்தைகளின் சோம்பல் என்று எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையை ஓரிடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் நாளை வகுத்துக் கொடுப்பவர்கள் பெரியவர்கள். அந்த நாளிலிருந்து நடையை வெட்டி எடுத்தவர்களும் நாம்தான்.

‘போதும்’ என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் இருக்க வேண்டும். மூச்சு சற்றே கூடும், உடல் சூடேறும், ஆனாலும் பேசிக்கொண்டே போக முடியும் என்ற நிலைதான் மிதமானது. விறுவிறுப்பான நடை இதில் அடங்கும். அதற்கும் இளைய பிள்ளைகளுக்காக 2019-இல் வந்த பரிந்துரை, ஒன்று முதல் நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிட அசைவு வேண்டும் என்கிறது. தள்ளுவண்டியிலோ இருக்கையிலோ ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்களைக் கட்டி உட்காரவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நிலைமை கவலைக்குரியதுதான். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சுமார் 16 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி அவர்களில் 81 சதவீதம் பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். இது நடையை மட்டும் அளந்த கணக்கு அல்ல. விளையாட்டு, பள்ளி உடற்பயிற்சி, வீட்டு வேலை எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் எஞ்சிய பற்றாக்குறை. ஆகவே, ‘நடக்காவிட்டால் என்ன, வேறெங்காவது ஓடியாடிச் சரிசெய்துகொள்வார்கள்’ என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம்கொடுக்கவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆறேழு வயதுப் பிள்ளை எடுத்துவைக்கும் ஒரு காலடி ஏறத்தாழ அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் காலடிகள் ஆகின்றன. மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அதற்குப் பதினைந்து நிமிடம். போய்வர அரை மணி நேரம். அதாவது வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கும் ஓர் இடத்துக்கு நடந்து போய்வரும் பிள்ளை, யாரும் ‘உடற்பயிற்சி செய்’ என்று சொல்லாமலே, நாளின் தேவையில் கிட்டத்தட்டப் பாதியை வழியிலேயே முடித்துவிடுகிறது. ஆடி அசைந்து போகும் நடையை அப்படியே மிதமான உழைப்பு என்று எண்ணிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் குழந்தைகள் சீராக நடப்பவர்கள் அல்லர். பத்தடி நடப்பார்கள், இருபதடி ஓடுவார்கள், திட்டில் ஏறுவார்கள், குதிப்பார்கள். அவர்களின் நடையைப் பெரியவர்களின் உலாவலோடு ஒப்பிடக் கூடாது.

முன்பெல்லாம் இது எவ்வளவு இருந்தது? நினைவுகளை நம்பி இதற்குப் பதில் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தான் நடந்த தூரத்தை நீட்டித்தான் சொல்லும். அதனால் அளந்து வைத்த இரண்டு நாடுகளின் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1969-இல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் 48 சதவீதத்தினர் பள்ளிக்கு நடந்தோ மிதிவண்டியிலோ போனார்கள்; 2009-இல் அது 13 சதவீதமாகக் குறைந்தது. பள்ளிகள் பெரிதாகி ஊருக்கு வெளியே போனதால் தூரம் கூடிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. அது உண்மையே, பள்ளியிலிருந்து ஒரு மைலுக்குள், அதாவது 1.6 கிலோமீட்டருக்குள், வசித்த பிள்ளைகள் இந்த நாற்பது ஆண்டுகளில் 41 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த ஒரு மைலுக்குள் இருந்தவர்களிலேயே 1969-இல் 89 சதவீதத்தினர் நடந்தோ மிதிவண்டியிலோ போனார்கள். 2009-இல் 35 சதவீதத்தினர்தான் அப்படிப் போனார்கள். தூரம் மாறவில்லை, கால்களும் மாறவில்லை. பிள்ளை எதில் போக வேண்டும் என்று தீர்மானிப்பவரின் மனம் மாறிவிட்டது.

இங்கிலாந்தில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார்கள். மேயர் ஹில்மேன் என்ற பெயர்கொண்ட ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போகும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று 1971-இல் கண்ட விவரத்தை 1990-இல் மறுபடி ஒப்பிட்டார்கள். 80 சதவீதம் 9 சதவீதமாக இறங்கியிருந்தது. நடந்த தூரம் குறைந்தது ஓர் இழப்பு. தனியாகப் போகும் உரிமை பறிபோனது இன்னோர் இழப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால்தான் எதற்கு என்ன மருந்து என்பது புரியும்.

விளையாட்டு வகுப்புக்கு வருகிறேன். வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றால் மொத்தம் 180 நிமிடம். தேவையோ 420 நிமிடம். அந்த 180-இலும் பயிற்சியாளர் விளக்கும் நேரம், தன் முறைக்கு வரிசையில் நிற்கும் நேரம், காலணி மாட்டும் நேரம் எல்லாம் கழிய வேண்டும். ஒருமுறை நான் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேர வகுப்பில் அந்தப் பிள்ளை உண்மையில் அசைந்த நேரம் அரை மணியைத் தொடவில்லை. பயிற்சியாளர் மீது தவறில்லை, கூட்டமாகக் கற்பிப்பது அப்படித்தான் இருக்கும். அந்த வகுப்புக்கு அந்தப் பிள்ளை வந்தது காரில். வீடு மைதானத்தின் பின்சுவரிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. வகுப்பு என்பது கட்டணம், பருவம், ஆர்வம் ஆகியவற்றைப் பொறுத்து வந்துபோகும். பதின்வயதில், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஓரிடத்துக்குப் போக வேண்டியிருப்பதால் நடக்கும் நடை யாருடைய ஆர்வத்தையும் நம்பி இருப்பதில்லை. 1953-இல் லண்டனில் ஜெரி மோரிஸ் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பழைய சான்று: இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சி செய்யவில்லை, வேலையைத்தான் செய்தார்கள். அவர்கள் பெரியவர்கள் என்றாலும், வேலையோடு வேலையாகக் கலந்துவிட்ட அசைவின் பலன் என்ன என்பது அதில் தெரிகிறது.

நடையின் பெயரால் மிகையாகவும் எதையும் சொல்லக் கூடாது. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் நாள் மொத்தத்தில் கூடுதலாக அசைகிறார்கள் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. உடல் எடை அதனால் குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எடையைத் தீர்மானிப்பதில் உணவுக்கும் உறக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. பிள்ளை இளைக்கும் என்று எண்ணி நடக்கவைத்தால் மூன்று மாதத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு பலன் கண்ணுக்கு இருக்கிறது. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் கழிக்க ஏற்பாடு செய்தார்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் கூடுதல் நேரம் கழித்த பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான இந்த முடிவில் பலன் தந்தது பகல் வெளிச்சத்தில் கழித்த நேரம். பகலில் நடந்து போய்வரும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் பெரும்பகுதி வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது அளக்க முடியாதது, ஆனால் நான் மிகவும் மதிப்பது. நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியோடு நானூறு மீட்டர் நடந்தேன். நான் தனியாகப் போனால் ஐந்து நிமிடம். அன்று பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. ஒரு சுவர் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எறும்பு வரிசை ஒன்று நடைபாதையின் விரிசலுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாள். சாக்கடை மூடியின்மீது ஏறி நின்றால் ‘டங்’ என்று சத்தம் வரும் மூடி எது, வராத மூடி எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். திரும்பும் வழியில் நான் வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். உடனே கையைப் பிடித்து இழுத்து, ‘மாமா, டங் மூடி இந்தப் பக்கம்’ என்றாள். காரின் பின்னிருக்கையிலிருந்து அந்த வழியை நூறு முறை பார்த்திருந்தாலும் அவளுக்கு அது தெரிந்திருக்காது. வழி என்பது காலுக்குத் தெரிந்த பிறகுதான் மனத்தில் பதிகிறது. பின்னாளில் தனியாகப் போவதற்கான துணிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியானால் பெற்றோர்கள் ஏன் வண்டியை எடுக்கிறார்கள்? சோம்பல் என்று அவர்களையும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போக வேண்டியவருக்கு நடை என்பது போய்த் திரும்பி வந்து மறுபடி கிளம்பும் வேலை. அது நேர நெருக்கடி, நியாயமானது. ஆனால் நெருக்கடி இல்லாத மாலை வேளையிலும் கை சாவியைத் தேடிப் போவது பழக்கம். அறுநூறு மீட்டர் தூரத்துக்குச் சாவி தேடி, வண்டியை வெளியே எடுத்து, பிள்ளையை ஏற்றிப் பட்டையை மாட்டி, அங்கே போய் நிறுத்த இடம் பார்த்து, இறக்கிப் பூட்டிவிட்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரே ஒரு முறை வீட்டில் அளந்து பாருங்கள். நடந்தால் ஒன்பது நிமிடம்; இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பல வீடுகளில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியதாக இருக்கும்.

மிச்சமுள்ள காரணம் பயம், அதைக் கேலி செய்யக் கூடாது. உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து. நிறுத்தியிருக்கும் காரின் ஓரத்தில், உங்கள் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வருமாறு குந்தி உட்கார்ந்து சாலையைப் பார்த்தால் இந்தப் பயத்தின் நியாயம் புரியும். எதிரில் தெரிவது காரின் கதவு; சாலை தெரியாது. எட்டிப் பார்க்க வேண்டுமானால் ஏற்கெனவே சாலைக்குள் ஓரடி வைத்திருக்க வேண்டும். பார்வை மறையாத இடத்திலும் சிக்கல் உண்டு. லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த ஜான் வான் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து விநாடியில் வந்து சேரும் தொலைவில் இருக்கும் வண்டி மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்தால், அது நெருங்கி வருகிறது என்பதையே தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால் நம்பகமாகக் கண்டுகொள்ள முடியவில்லை. பெரியவர்களுக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை அது முடிந்தது. ‘இருபக்கமும் பார்த்துக் கட’ என்ற நம் அறிவுரையைப் பிள்ளை அப்படியே பின்பற்றினாலும், பார்த்ததை மதிப்பிடும் திறன் அந்த வயதில் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை.

ஓட்டுநரின் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ இதே வேக எல்லைதான் வந்து நிற்கிறது. கவனித்துப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும்; 50 கிலோமீட்டர் வேகத்தில் வருவதற்கு 28 மீட்டர் வேண்டும். பதினைந்து மீட்டர் முன்னால் பந்தைத் துரத்திக்கொண்டு பிள்ளை இறங்கினால் முதல் கார் தொடாமல் நிற்கும். இரண்டாவது கார் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் மோதும். அதனால்தான் குழந்தைகளுக்குச் சாலை விதி கற்பிப்பதைவிடக் குடியிருப்புத் தெருக்களில் வண்டியின் வேகத்தைக் குறைப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இதில் ஒரு விஷவட்டமும் உண்டு. வண்டிக்குப் பயந்து பிள்ளையை வண்டியில் கொண்டுபோகும் ஒவ்வொருவரும் பள்ளி வாசலில் இன்னொரு வண்டியைச் சேர்க்கிறார்கள். அதைப் பார்த்து, அதுவரை நடந்த இன்னொரு பிள்ளையும் வண்டிக்கு மாறுகிறது. இந்த வட்டத்தை அறுத்த இடங்களும் இருக்கின்றன. நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே அங்கு இயக்கம் எழுந்தது. மிதிவண்டிக்கும் நடைக்கும் முன்னுரிமை தரும் தெருக்கள் அந்த நெருக்குதலில் பிறந்தவை. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-இலேயே பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசல் தெருவில் வண்டிகளைத் தடுத்துப் பார்த்தது. இன்று பல நாடுகளில் ‘பள்ளித் தெரு’ என்று சொல்லப்படுவது அதன் வழிவந்ததுதான். ஜப்பானில் தொடக்கப்பள்ளி வீட்டிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும் என்ற நெறி இருக்கிறது. பிள்ளைகள் நடந்து வரும் வழியைப் பள்ளியே வகுத்து வைக்கிறது. பல ஊர்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களை வரிசையாக அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

பெரியவர் இருவர் பொறுப்பில் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திச் செல்லும் ‘நடைப்பேருந்து’ முறையைப் பற்றியும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் முன்வைத்த யோசனை அது. 1998-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொறுப்பெடுத்த இரண்டு தன்னார்வலர்களில் ஒருவர் வீடு மாறினால் நின்றுவிடும் அளவுக்குப் பலவீனமானது. அதையே நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு குடும்பம் தன்னளவில் செய்யக்கூடியதைப் பொறுத்தவரை என் யோசனை பலருக்கு விசித்திரமாகப் படும்: பள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். பள்ளிப் பயணம்தான் கணக்கெடுக்கப்படுகிறது, அதனால் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் மணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய, பையின் பாரம் தோளை அழுத்தும் பயணம் அது. தோழி வீடு, நூலகம், கடை, மைதானம், பாட்டு வகுப்பு என்று ஒரு கிலோமீட்டருக்குள் முடியும் மற்றப் பயணங்களை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அவற்றில் மூன்றை நடைக்கு மாற்றுங்கள். கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தைப் பிள்ளையின் நடைக்கு இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தப்படும் நடையைப் பிள்ளை வெறுக்கத் தொடங்கிவிடும். போகும்போது நேரமில்லை என்றால் வண்டியில் போய்த் திரும்பி வருவதை மட்டும் நடையாக்கலாம். பள்ளிக்கே கூட, வாசலில் இறக்காமல் ஐந்நூறு மீட்டர் முன்னால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பது தூரத்தில் இருப்பவர்களுக்கும் முடியும். பிள்ளையின் எடையில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் பை கனத்தால், மிச்சத்தை நீங்கள் வாங்கிக்கொள்வதில் தவறேதும் இல்லை.

தனியாக அனுப்புவதற்கு ஒரே வயது என்று எதையும் நான் சொல்ல மாட்டேன். தெருவைப் பொறுத்தது அது. படிப்படியாக விட்டுக்கொடுப்பதே வழி. முதலில் கைபிடித்து நடப்பது. பிறகு, ‘இன்று நீ என்னைக் கூட்டிப் போ’ என்று பிள்ளையை முன்னே விட்டு இருபதடி பின்னால் வருவது. பிறகு கடைசித் திருப்பத்தில் நின்றுகொண்டு மிச்சத்தைத் தனியாகப் போகச் சொல்வது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில மாதங்கள் ஆனாலும் நஷ்டமில்லை. நடைபாதையே இல்லாத, வேகமான வண்டிகள் உரசிப்போகும் சாலைதான் ஒரே வழி என்றால், அங்கே வண்டியில் போவதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சாலைக்காக உள்ளாட்சியிடம் மனுக் கொடுப்பதற்கு அந்த நேரத்தைச் செலவிடலாம். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ போகும் பிள்ளைக்கும் இதே குறுந்தூரப் பயணம் இதே அளவுக்குத் தேவை. நடைபாதையின் ஓரத்தில் சரிவு இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

தொடங்கிய முதல் வாரத்தில் ‘கால் வலிக்கிறது’ என்று பிள்ளை சொல்வது வழக்கம். அது களைப்பா, சலிப்பா என்று தெரிந்துகொள்ள, ‘அந்த நீலக் கதவு வரைக்கும் யார் முதலில்’ என்று கேட்டுப் பார்ப்பேன். சலிப்பாக இருந்தால் பிள்ளை ஏற்கெனவே ஓடியிருக்கும். ஓடாமல் நின்றால், நொண்டினால், எப்போதும் ஒரே காலில் வலிக்கிறது என்றால், அல்லது ஒத்த வயதுப் பிள்ளைகள் இலகுவாக நடக்கும் தூரத்துக்கு வாரக்கணக்கில் மூச்சு வாங்கினால், அதைப் பிடிவாதம் என்று எண்ணி இழுத்துக்கொண்டு போகாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.